தமிழில் எழுது, யாருக்கும் புரியாது: ஒரு மலைப் பள்ளி நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் ஓர் உறைவிடப் பள்ளிக்கு வாரம் 2 நாள், செவ்வாயும் வெள்ளியும், மனநல ஆலோசகராகப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது அங்கே ஒரு மாணவனுக்கு நடந்தது இது. பள்ளியின் பெயரையும் ஆண்டையும் சொல்லவில்லை. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். மாணவன் பள்ளிப் படிப்பை முடித்து, 18 வயது நிரம்பிய பிறகு இதைப் படித்துப் பார்த்தான். ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னான். அவன் மாமா தொழிலை நான் "சவுண்ட் சர்வீஸ்" என்று எழுதியிருந்தேன். "மைக் செட்னே போடுங்க டீச்சர், போர்டுல அப்படித்தான் இருக்கு" என்றான். மற்றதை அப்படியே வெளியிடலாம் என்று சொல்லிவிட்டான்.

இதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அது என்னுடையது.

## பின்னணி

பழைய பள்ளி. கல் கட்டடங்கள், சுற்றிலும் கற்பூர மரங்கள், குதிரை லாயம். ஆண்டுக் கட்டணம் பல லட்சம். கொச்சி, பெங்களூரு, கொல்கத்தா, துபாய் என்று பல ஊர்ப் பிள்ளைகள். பெரும்பாலோர் 5, 6ஆம் வகுப்பிலேயே வந்து சேர்ந்தவர்கள். 11ஆம் வகுப்புக்கு வரும்போது அவர்களுக்குள் ஐந்தாறு வருடப் பட்டப்பெயர்களும் பழைய சண்டைகளும் ஊறிக் கிடக்கும். நடுவில் வந்து சேரும் ஒருவனுக்கு அந்தக் கதைகளில் பாதி விளங்காது.

பள்ளியின் அறக்கட்டளை ஒன்று வருடத்துக்கு 2 அரசுப் பள்ளி மாணவர்களை 11ஆம் வகுப்பில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். இவன் அப்படி வந்தவன். விழுப்புரம் பக்கத்துக் கிராமம், 16 வயது. அப்பா சுமை தூக்கும் வேலை, அம்மா நூறு நாள் வேலை, அக்கா நர்சிங் படிக்கிறாள். சமூகத்தில் பட்டியலினம். இதை இங்கே சொல்லக் காரணம், பள்ளியில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லாமலேயே அடிக்கடி சுட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றிய அரசின் ஷ்ரேஷ்டா திட்டம் 9, 11 வகுப்புகளில் பட்டியலின மாணவர்களைத் தனியார் உறைவிடப் பள்ளிகளில் சேர்க்கிறது. அந்தத் திட்டத்தில் பாடத்தில் கைதூக்கிவிட இணைப்பு வகுப்புக்குக்கூட இடம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் யார் பக்கத்தில் உட்காருவது என்பதற்கு எந்தத் திட்டத்திலும் வகுப்பு கிடையாது.

விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் அவன் "மைக் செட்" என்று எழுதியிருந்தான். தாய்மாமன் ஊரில் மைக் செட் வைத்திருப்பவர். 7ஆம் வகுப்பிலிருந்தே காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு வீடு என்று அவரோடு போய் ஒயர் இழுத்தவன். அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் அதை "மியூசிக்" என்று ஏற்றிவிட்டார். முதல் வாரமே பாடகர் குழுவில் போட்டார்கள். அவனுக்குப் பாட வராது என்று தெரிய 2 வாரம் ஆனது. அப்புறம் இசை ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், "பறை அடிப்பாயா? நிறுவனர் நாளில் வைத்துக்கொள்ளலாம்" என்று கேட்டார். அவன் என்னிடம் சொன்னது: "எங்க தெருவுல அடிக்கிறவங்க இருக்காங்க டீச்சர். நான் அவங்களுக்கு மைக் வைப்பேன்."

## முதல் பருவத்தில் கவனித்தவை

ஜூலை கடைசியில், விடுதியில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரன் அவனை என்னிடம் அனுப்பினார். சீட்டில் "வீட்டு ஏக்கம்" என்று எழுதியிருந்தது. இரவுச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுகிறான், ப்ரெப் எனும் இரவுப் படிப்பு நேரம் முடிந்து விளக்கணைக்கும் வரை உள்ள அரை மணி நேரம் டார்மில், அதாவது பொதுப் படுக்கையறையில், இருப்பதே இல்லை, துணி தேய்க்கும் அறையில் போய் நின்றுகொள்கிறான் என்பது அவர் சொன்னது. மேட்ரன் கண்ணுக்குத் தப்பியது குறைவு. எனக்குத் தப்பியதுதான் நிறைய.

முதல் சில சந்திப்புகளில் நான் பார்த்ததெல்லாம் ஊர், மொழி, சாதி, பணம் சார்ந்த அந்நியம். மற்ற பிள்ளைகள் "மேம்" என்பார்கள், இவன் "டீச்சர்" என்பான். அந்த ஒரு சொல்லை வைத்தே அவனைப் போலப் பேசிக்காட்டி ஒரு கூட்டம் சிரித்தது. "சர்நேம் என்ன?" என்று கேட்டார்கள். இனிஷியலை விரித்தால் அப்பா பேர்தான் வரும் என்றான். "அது சரி, சர்நேம் என்ன?" என்று மறுபடி கேட்டார்கள். இரவுச் சாப்பாடு வரைக்கும் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது விதி. பகல் முழுக்க அவன் பேசியது பத்து வாக்கியம் இருக்குமா என்பது சந்தேகம்.

துணி தேய்க்கும் அறைக்குப் போவதையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டேன். உண்மை வேறு. அந்த அரை மணி நேரம் டார்மில் பெண்களைப் பற்றிப் பேசும் நேரம். யாருக்கு யாரைப் பிடிக்கும், லீவில் யாரோடு பேசினான் என்று ஒவ்வொருவனும் சொல்ல வேண்டும். இவனும் ஒரு பெண்ணை உண்டாக்கி வைத்திருந்தான். பெயர் அக்காவின் தோழியுடையது. கேட்கும்போதெல்லாம் சொன்னதையே சொல்ல வேண்டுமே என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் ஊர், பள்ளிக்கூடம், சைக்கிளின் நிறம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தான். சைக்கிள் நீலம். ஒருமுறை மறந்துபோய் சிவப்பு என்று சொல்லிவிட்டதிலிருந்துதான் தேய்ப்பு அறை.

டார்மில் அவனோடு தமிழில் பேசியவன் ஒருவன் மட்டும். திருப்பூர்க்காரன், வசதியான வீடு, 6ஆம் வகுப்பிலிருந்து அங்கே இருப்பவன். முள்கரண்டி பிடிப்பதைச் சொல்லிக் கொடுத்ததும், ஞாயிறு வெளியே விடும்போது பேக்கரிக்குக் கூட்டிப்போய் வர்க்கி வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். இந்த ஆய்வில் அவனை "நண்பன்" என்று குறிப்பிடுகிறேன்.

## செப்டம்பர்: சொன்னது

ஐந்தாவது சந்திப்பு. உட்கார்ந்ததும் என் பேனாவைப் பார்த்தபடி, "நீங்க எழுதறதை யாரு படிப்பாங்க?" என்று கேட்டான். உயிருக்கு ஆபத்து, அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் சொல்லியாக வேண்டும், மற்றது என்னோடு இருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான். "எனக்குப் பசங்களைத்தான் பிடிக்குது. ஒருத்தனை ரொம்பப் பிடிக்குது."

எந்த ஒருத்தன் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

நான் செய்தது, தகவல் சொன்னது. இது நோய் இல்லை, உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவில் இதைக் குற்றமாக்கிய பகுதியை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று நீக்கிவிட்டது என்று வரிசையாகச் சொன்னேன். இப்படிப்பட்டவர்களை மரியாதையாகக் குறிக்கத் தமிழக அரசிதழில் 2022இல் வந்த சொற்பட்டியலையும், "பால்புதுமையினர்" என்ற சொல்லையும் காட்டினேன். அவனுக்கு அதுவரை தெரிந்த சொற்கள் எல்லாம் வசவுகள்தான். "புதுமைன்னா நல்லதுதானே டீச்சர்?" என்றான். அது ஒன்றுதான் அவன் மனதில் ஏறியது என்று நினைக்கிறேன். மற்றதையெல்லாம் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி டீச்சர். நான் யார்கிட்ட பேசறது?" என்றான்.

வாரத்துக்கு 2 நாள் வரும் ஆளிடம் கேட்ட கேள்வி. என்னிடம் நேரான பதில் இல்லை. அதனால் ஒரு நோட்டு கொடுத்தேன்.

## நோட்டு

மனதில் இருப்பதை எழுதச் சொல்வது எங்கள் தொழிலில் கை தானாகச் செய்கிற வேலை. 80 பக்கக் கோடு போட்ட நோட்டு, பச்சை அட்டை. "யாராவது பாத்துட்டா?" என்று கேட்டான். "தமிழில் எழுதுப்பா, இங்கே யாருக்கும் புரியாது" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன் என்பதும் நினைவிருக்கிறது.

அந்த டார்மை நான் 2 முறை பார்த்திருக்கிறேன். 12 கட்டில், 12 மர அலமாரி, எதற்கும் பூட்டு இல்லை. பூட்டக் கூடாது என்பது விதி. சனிக்கிழமைதோறும் பிரிஃபெக்ட், அதாவது மாணவத் தலைவன், அலமாரியைத் திறந்து, துணி மடிப்பு சரியாக இருக்கிறதா, வெளியிலிருந்து கொண்டுவந்த தின்பண்டம் இருக்கிறதா என்று பார்ப்பான். எல்லாம் தெரிந்திருந்தும், நோட்டு இரவில் எங்கே இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

அக்டோபரில் அவன் தெளிவாக இருந்தான். சாப்பிட்டான். எழுதுவது பிடித்திருக்கிறது என்றான். என் கோப்பில் "முன்னேற்றம்" என்று எழுதினேன்.

## அந்தச் சனிக்கிழமை

நவம்பர் நடுவில், இரவு ஒன்பதரைக்கு மேட்ரன் போன் செய்தார். அவருக்கு விஷயம் தெரிந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 9ஆம் வகுப்புப் பையன் ஒருவன் அவர் அறைக்கு அழுதுகொண்டே வந்திருக்கிறான். "சீனியர் படிக்கச் சொன்னாங்க, படிச்சேன்" என்றிருக்கிறான். அதிலிருந்து நூல் பிடித்தார்.

நடந்தது இது. சோதனையின்போது சட்டைக்கு அடியில் நோட்டு கிடைத்தது. பிரிஃபெக்ட் 12ஆம் வகுப்பு மாணவன், டெல்லிக்காரன், அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மறைத்து வைத்த நோட்டு என்பதால் ஆவல். டார்மில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நண்பன்தான். அவன் கையில் கொடுத்து, ஆங்கிலத்தில் சொல்லு என்றான். நண்பன் கட்டில் மேல் உட்கார்ந்து விளையாட்டாகப் படிக்க ஆரம்பித்தான். முதல் 2 வரி ஊரைப் பற்றி. மூன்றாவது வரியில் நண்பனின் பெயரே இருந்தது.

நிறுத்திவிட்டான். "ஒண்ணுமில்லை, ஏதோ கவிதை" என்று நோட்டை மூடினான். அவன் முகத்தைப் பார்த்த பிரிஃபெக்டுக்கு இன்னும் ஆவல் கூடியது. பக்கத்து டார்மிலிருந்து சென்னைப் பையன் ஒருவனை வரவழைத்தான். 9ஆம் வகுப்பு. சீனியர் சொன்னால் மறுக்க முடியாது. அவன் நாலு பக்கம் படித்தான். நோட்டுக்காரன் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஓடவில்லை, பிடுங்கவில்லை. "கையைத் தூக்க வரல டீச்சர்" என்றான் பிறகு.

## எடுத்த முடிவுகள்

ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தேன். அவன் ஹவுஸுக்கு, அதாவது விடுதிப் பிரிவுக்கு, பொறுப்பான ஆசிரியர் ஹவுஸ்மாஸ்டர். அவர் அதற்குள் 2 காரியம் செய்திருந்தார். அவனைப் பள்ளி மருத்துவமனையின் தனி அறைக்கு மாற்றியிருந்தார், நோட்டை "ஆதாரம்" என்று மேசை இழுப்பறையில் வைத்திருந்தார்.

முதலில் கேட்க வேண்டியதை நேராகவே கேட்டேன்: சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? சுற்றி வளைத்துக் கேட்டால் பிள்ளைகளும் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்வார்கள். "சாகணும்னு இல்ல. இங்க இல்லாம இருந்தாப் போதும்" என்றான். திட்டம் எதுவும் இல்லை. அடுத்த 2 வாரம் தினமும் வந்து பார்ப்பது, இரவில் மேட்ரன் பக்கத்து அறையில் படுப்பது என்று வைத்துக்கொண்டோம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, "போன் எங்க டீச்சர் இருக்கு?" என்றான். கைபேசிக்கு அனுமதியே இல்லாத பள்ளியில் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

திங்கள்கிழமை முதல்வர் அறையில் கூட்டம். துணை முதல்வர் கேட்ட முதல் கேள்வி, "இது போக்சோவில் வருமா?" நியாயமான கேள்விதான். போக்சோ, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 19ஆம் பிரிவுப்படி குற்றம் நடந்தது தெரிந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். அவனிடம் தனியாகக் கேட்டேன். யாரும் அவனைத் தொடவில்லை, அவனும் யாரையும் தொடவில்லை. நோட்டில் இருந்தது ஒரு பையன் சிரிப்பதைப் பற்றிய வரிகள். பிடித்திருக்கிறது என்று எழுதுவதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு கிடையாது.

அடுத்தது, கோயம்புத்தூரில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டி "சரிசெய்துகொண்டு" வரலாம் என்ற யோசனை. இதற்கு இடமே கொடுக்கவில்லை. பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் சிகிச்சை தருவது மருத்துவருக்குத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். இத்தகைய "குணப்படுத்தும்" முயற்சிகளுக்குத் தடை, பள்ளிகளில் இந்தப் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளும் ஆலோசகர், பெற்றோர் ஆசிரியர் கழகம் வழியாகப் பெற்றோருக்கு விளக்கம் எல்லாம் அதில் இருக்கிறது. முதல்வரை அசைத்தது அது எதுவும் இல்லை. தனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்துதான் அந்த நீதிபதி அந்த வழக்கில் உத்தரவு எழுதினார் என்று சொன்னேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருத்துவர் பேச்சு அதோடு நின்றது.

அப்பாவுக்கு என்ன சொல்வது என்பதில்தான் நேரம் பிடித்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்பது முதல்வர் கட்சி. மைனர் பையன், நாளைக்குத் தெரிந்தால் பள்ளியின் பெயர் என்ன ஆகும் என்றார். நான் பையனைக் கேட்டேன். "அப்பா அடிக்க மாட்டாரு. கூட்டிட்டுப் போயிடுவாரு" என்றான். அவன் பயம் அதுதான், கைக்கு வந்த இடம் போய்விடும் என்பது. கடைசியில் முடிவானது: நடந்த கொடுமையை மறைக்காமல் சொல்வது. நோட்டில் என்ன இருந்தது என்பதை அவன் சொல்லும்போது சொல்லட்டும். இது பாதி உண்மைதானே என்று இன்றைக்கும் யாராவது கேட்டால், ஆமாம் என்றுதான் சொல்வேன். அந்த மறுபாதி அவனுடையது.

போனில் ஹவுஸ்மாஸ்டர் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லோரும் கேட்டோம். அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அடுத்தவன் நோட்டை எடுத்துப் படிக்கிறது தப்புங்களே சார். படிச்ச பிள்ளைங்களை என்ன பண்ணுனீங்க?" என்றார். 2 நாளாக அந்தக் கேள்வியை அந்த அறையில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பிரிஃபெக்ட் விஷயம் பேசப்பட்டது. பதவி போனது. பள்ளியை விட்டு அனுப்பவில்லை. பெரிய இடத்துப் பிள்ளை என்பதும் அதற்கு ஒரு காரணமா என்று கேட்டால், இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. "எல்லோரையும் உட்காரவைத்து மன்னிப்புக் கேட்கவைக்கலாம்" என்றார் துணை முதல்வர். மாணவன் வேண்டாம் என்றான். அந்தக் கூட்டத்தில் அவனுக்கு இன்னொரு முறை கதவோரம் நிற்கும் வேலைதான் இருந்திருக்கும்.

பெங்களூருவிலிருந்து ஒருவரை வரவழைத்து உடனே விழிப்புணர்வு வகுப்பு நடத்தலாம் என்ற யோசனையையும் தள்ளிப்போட்டோம். அந்த வாரம் நடத்தினால் 300 தலையும் ஒரே பக்கம் திரும்பும். அதற்குப் பதில் அடுத்தவர் பொருள், அடுத்தவர் எழுத்து என்பது பற்றி மட்டும் எல்லா ஹவுஸிலும் பேசினேன். பாலீர்ப்பு பற்றிய வகுப்பு அடுத்த ஜூனில் நடந்தது, முதலில் ஆசிரியர்களுக்கு.

நோட்டை நாலாவது நாள்தான் வாங்க முடிந்தது. அதற்குள் யார் யார் புரட்டினார்கள் என்பது தெரியாது. உறையில் போட்டு ஒட்டி அவனிடம் கொடுத்தேன். "உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றான்.

## மருத்துவமனை அறையில் 9 இரவுகள்

ஹவுஸ்மாஸ்டர் அவனைத் தனி அறைக்கு மாற்றியதை நான் தடுக்கவில்லை. பாதுகாப்பு என்ற சொல் எனக்கும் போதுமானதாக இருந்தது. ஒரு இரவு என்றால் சரி. அது 9 இரவு ஆனது. பள்ளியில் அந்த அறைக்குப் போகிறவர்கள் அம்மை போட்டவர்கள். "அவனுக்கு என்ன நோய்? ஒட்டுமா?" என்று ஒரு சின்னப் பையன் மேட்ரனைக் கேட்டிருக்கிறான். டார்மில் தவறு செய்தவர்கள் அவரவர் கட்டிலில் படுத்துக்கொண்டிருந்தார்கள். எதுவும் செய்யாதவனின் தட்டு மட்டும் மூடி போட்டுத் தனியாகப் போனது.

எட்டாவது நாள் அவனே கேட்டான். "நான் என்னைக்கு டிஸ்சார்ஜ் டீச்சர்?" கேலியாகத்தான் கேட்டான். அன்றைக்கே 3 வழிகளை முன்னால் வைத்தோம்: அதே டார்ம், வேறு ஹவுஸ், அல்லது 2 வாரம் ஊருக்குப் போய் வருவது. வேறு ஹவுஸ் என்றான். நண்பனுக்கு எதிர்க் கட்டிலில் படுக்க முடியாது என்பது காரணம்.

## தொடர்ந்தது

புது ஹவுஸில் அதிசயம் எதுவும் நடக்கவில்லை. டிசம்பர் விடுமுறை வரை சாப்பாட்டு மேசையில் அவனுக்கு இரு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது. அடி, வசவு இல்லை. ஒதுக்கம் இருந்தது. ஒதுக்கத்தைப் புகாராக எழுதும் படிவம் எந்தப் பள்ளியிலும் இல்லை.

ஜனவரியில் நிறுவனர் நாள் ஒத்திகை. காலையில் புல்லெல்லாம் உறைபனி. கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய ஒலி அமைப்புக்காரர்கள் வரத் தாமதம். பள்ளியின் சொந்த சாதனங்களைப் போட்டால் "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல். ஆடியோ குழுவில் இருந்த 3 மாணவர்களும் மிக்சரில் உள்ள எல்லாத் திருகையும் திருகிப் பார்த்துவிட்டார்கள். இவன் நாற்காலி அடுக்கும் வேலையில் இருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய், மேடையில் ஒரு பிளக், பின்னால் இருந்த அறையில் ஒரு பிளக் என்று தனித்தனியாகச் செருகியிருந்த மிக்சரையும் ஆம்ப்ளிஃபயரையும் பிடுங்கி ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் போட்டான். இரைச்சல் நின்றது. 2 இடத்து எர்த் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டால் வரும் சத்தம் அது. திருவிழாவில் வீட்டுக்கு வீடு கரண்டு இழுத்தவனுக்கு அது பாலபாடம்.

பிறகு ஒயர் சுற்றினார்கள். மற்றவர்கள் முழங்கையில் போட்டுச் சுற்றுவதைப் பார்த்து அவனுக்குப் பொறுக்கவில்லை. "அப்படிச் சுத்தினா உள்ள முறுக்கிக்கும், நாலு மாசத்துல அறுந்திடும்" என்று, ஒரு வளையம் நேராகவும் அடுத்த வளையம் உள்பக்கமாகத் திருப்பியும் போட்டுக் காட்டினான். வீசினால் சிக்கில்லாமல் நேராக விழும். தமிழில்தான் சொல்லியிருக்கிறான். ஆங்கில விதி யாருக்கும் நினைவு வரவில்லை.

அன்றிலிருந்து அவன் இடம் அரங்கத்தின் பின்பக்கக் கட்டுப்பாட்டு அறை. சில வாரம் கழித்து, இருட்டில் நாடக ஒத்திகை ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூவரில் ஒருவன், "அவங்க சொல்றது உண்மையா?" என்று கேட்டானாம். "ஆமா" என்றானாம் இவன். அவன் கொஞ்ச நேரம் மேடையையே பார்த்திருந்துவிட்டு, "இந்த சீன்ல ஃபேடரை எவ்வளவு ஏத்தணும்?" என்று கேட்டிருக்கிறான். இதை என்னிடம் சொல்லும்போது மாணவன் சிரித்த சிரிப்பை ஜூலையிலிருந்து நான் பார்த்ததில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. பழைய ஹவுஸ் பையன்கள் சிலர் 12ஆம் வகுப்பு முடியும் வரை அவனிடம் பேசவில்லை. ஏப்ரல் விடுமுறையில் அக்காவிடம் மட்டும் சொன்னான். அவள், "அம்மாகிட்ட இப்ப வேணாம், நான் வேலைக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்" என்றாளாம். பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினான். பள்ளியை விட்டுப் போகும் நாளில் என் வீட்டுக்கு வந்து உறையை வாங்கிப் பிரித்து, எழுதிய தாள்களை மட்டும் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "மீதி நல்லாத்தான் இருக்கு, ரஃப் நோட்டா வெச்சுக்கறேன்" என்று அதையும் எடுத்துக்கொண்டு போனான்.

## மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

அலமாரிகளுக்கு எண் பூட்டு வந்தது. சோதனைக்கு ஹவுஸ்மாஸ்டர் உடனிருக்க வேண்டும், எழுதிய எதையும் பிரிக்கக் கூடாது என்பது விதியானது. மருத்துவமனை வராந்தாவில் ஒரு தரைவழித் தொலைபேசி வைத்தார்கள், பக்கத்தில் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டையும் எழுதி. முதலில் வரவேற்பறையில் வைத்தார்கள். எல்லோரும் கேட்கும் இடத்தில் வைத்து என்ன பயன் என்று மேட்ரன்தான் இடம் மாற்றவைத்தார்.

என் பக்கம்: விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு எழுதும் வேலை தருவதாக இருந்தால், நோட்டு என் அறையில் இருக்கும். வந்து எழுதிவிட்டுப் போகட்டும். எந்தப் பயிற்சியைச் சொன்னாலும் அது இரவில் எங்கே இருக்கும் என்று முதலில் கேட்கிறேன். தனி அறைக்கு மாற்றினால் 24 மணி நேரத்துக்குள் மறுபரிசீலனை. புதிதாக வரும் உதவித்தொகை மாணவர்களின் விண்ணப்பத்தை அவர்கள் கைப்படத் தமிழில் எழுதியதிலேயே படிக்கிறேன், தட்டச்சுப் பிரதியில் அல்ல. "மைக் செட்" என்ற சொல் ஜூலையிலிருந்தே என் கோப்பிலும் இருந்தது. அவன் தெருவில் மைக் வைத்த கதையைக் குறித்துக்கொண்டேனே தவிர, அரங்கத்துப் பின்னறையில் 3 பேர் தடுமாறிக்கொண்டிருப்பதோடு அதைச் சேர்த்துப் பார்க்கவில்லை. அதை இரைச்சல்தான் செய்தது.

9ஆம் வகுப்புப் பையனை மேட்ரன் பார்த்துக்கொண்டார். அவனிடம் 4 முறை பேசினேன்.

நண்பனை ஒரு முறைதான் கூப்பிட்டேன், டிசம்பர் முதல் வாரம். எல்லோர் முன்னாலும் தன் பெயரைத் தானே படிக்க நேர்ந்த பையன் அவன். மூடி மறைக்கப் பார்த்தவனும் அவன்தான். அதற்குப் பிறகு டார்மில் அவனை எப்படிப் பார்த்தார்கள், அவன் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, "ஐ ஆம் ஃபைன், மேம்" என்றான். அடுத்த பிள்ளை வெளியே காத்திருந்தது. 11ஆம் வகுப்பு முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டான். காரணம் பதிவாகவில்லை. அவன் கோப்பில் என் கையெழுத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: "நலமாக இருப்பதாகச் சொன்னான்."